இரண்டு புள்ளி

பீட்டர்ஹெட் துறைமுகம்,
ஐஸ் தொழிற்சாலைக்கு மேல்மாடி.
வியாழன்தோறும் ஏழு மணிக்கு
நாலு மேசை, எட்டு நாற்காலி, ஒரு ஹீட்டர்.
ஹீட்டர் பக்கத்து நாற்காலி ஊனா டூதிக்கு.
யாரும் எழுதி ஒட்டவில்லை,
யாரும் அதில் உட்கார்ந்ததும் இல்லை.

மீன் ஏலத்தில் முப்பது வருடம் விலை கூவிய குரல்
இங்கே வந்தால் மூடிக்கொள்ளும்.
பைக்குள் கைவிட்டு ஏழு கட்டை எடுப்பார்.
ஏழும் மெய். மருந்துக்கும் ஓர் உயிர் இல்லை.
அதற்கும் வழி வைத்திருக்கிறார்:
பீ, ஆர், ஆர்.
ப்ர்ர்.
குளிரில் பல் அடிக்கிற சத்தம்
இங்கே செல்லுபடியாகும்.

எதிரே கில்பர்ட் மேர்.
ட்ராலர் எஞ்சின் அறையில்
காதில் பாதியை விட்டுவிட்டுக் கரையேறியவர்.
ஓசை அவருக்கு வேண்டாம், எழுத்து போதும்.
க்யூவும் ஐயும் சேர்ந்தால் சீ.
யாரையும் திட்டவில்லை, பதினொரு புள்ளி.
ஸெட்டும் ஓவும் ஸோ.
யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்து
திபெத்தில் எங்கோ சுமை தூக்குகிறது,
அதுவும் பதினொன்று.
ஏயும் ஐயும் வைத்தால்
இப்போது எல்லோரும் வேறு எதையோ நினைக்கிறார்கள்.
அகராதிக்கு அது
மரத்தில் தலைகீழாய்த் தொங்கும் மூவிரல் விலங்கு,
அவசரமே இல்லாதது.
கூம் என்றால் வேல்ஸில் பள்ளத்தாக்கு:
சீ, டபிள்யூ, எம்.
எழுத்தில் உயிர் கிடையாது.
அங்கே ஆட்கள் வசிப்பதாகக் கேள்வி.

பிப்ரவரியில்தான் ஓய் தகராறு.
ஓ, ஈ. அவ்வளவே சொல்.
டுலூத் நகரத்துத் தங்கை அனுப்பிய
அமெரிக்க அகராதியை மேசைமேல் போட்டார் கில்பர்ட்.
ஃபேரோ தீவுகளுக்கு அப்பால் எழும் சுழற்காற்று
என்றிருந்தது.
"பத்தொன்பது வருடம் அந்தக் கடலில் கிடந்தேன்.
எல்லாக் காற்றிடமும் அடி வாங்கியிருக்கிறேன்.
இந்தப் பெயர் சொல்லி
ஒன்றும் வந்து அடித்ததில்லை."

ஊனா பதில் பேசாமல் கைப்பையைத் திறந்தார்.
அட்டை பிய்ந்த ஸ்காட்லாந்துப் பதிப்பு.
அதில் காற்றும் இல்லை, தீவும் இல்லை.
ஓய்: பேரப்பிள்ளை.
விரலை அந்த இடத்தில் வைத்துத் திருப்பிக் காட்டினார்.

கில்பர்ட் வெகுநேரம் படித்தார்.
ஒரு வரிதான் இருந்தது.

மகன் ஆஸ்திரேலியாவில், ஃப்ரீமாண்டிலில் வெல்டர்.
பேச்சு அறுந்து ஆறு வருடம்.
படகு விற்ற பணத்தில் வந்த பிரச்சினை என்கிறார்கள்,
வேறு என்கிறவர்களும் உண்டு.
அங்கே ஒரு குழந்தை பிறந்த செய்தி
மீன்கடை வரிசையில் நின்றபோது
யாரோ யாருக்கோ சொல்ல, அவர் காதில் விழுந்தது.
ஆணா பெண்ணா என்பது
கேட்காத காதுப் பக்கம் போய்விட்டது.
ஊருக்கே தெரியும்.
அதனால்தான் யாரும் விசாரிப்பதில்லை.

நேற்று கடைசிச் சுற்று.
காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
பை காலி.
ஊனா பன்னிரண்டு புள்ளி முன்னால்.
கில்பர்ட்டிடம் மிச்சம் ஒரே ஒரு ஓ.

மேல் மூலையில் சிவப்புக் கட்டம்,
அதை ஒட்டி ஒரு ஹெச்.
ஓ-வை அங்கே வைத்தால் மும்மடங்கு,
பதினைந்து, ஆட்டம் அவருக்கு.
எனக்குத் தெரிந்தது. ஊனாவுக்குத் தெரிந்தது.
ஹீட்டருக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அவர் கை அங்கே போனது,
கொஞ்சம் நின்றது,
பிறகு பலகை முழுவதையும் கடந்து
கீழே தனியாய் நின்ற ஓர் ஈ-க்கு முன்னால்
ஓ-வை வைத்தது.
கட்டை கோணலாக விழுந்தது.
நகத்தால் தட்டி நேராக்கினார்.

ஊனா பலகையைப் பார்த்தார், பிறகு அவரை.
ஏலக் குரலில் இல்லாமல் கேட்டார்:
"எது? காற்றா, மற்றதா?"

அவர் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.
கேட்கவில்லை.
அல்லது கேட்டது.

கணக்கு எழுதுவது நான்.
இரண்டும் உயிர்.
இரண்டு புள்ளி என்று எழுதினேன்.

வெளியே
இன்னும் ஓயவில்லை.